தெளியும் வரை

பனி தள்ளும் லாரி நிற்கிற கொட்டகைக்குப் பின்னால்
யாரும் நடாத, யாரும் வெட்டாத ஆப்பிள் மரம்.
பெயர் தெரியாது. கடித்தால் பல் கூசும்,
நாக்கு சுருண்டு உள்ளே ஒளிந்துகொள்ளும்.
"சைடருக்குத்தான் லாயக்கு" என்றார் லாரி ஓட்டும் ட்வைட்.
சொன்ன பிறகு லூசியனைப் பார்த்தார்,
பார்த்த பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார்.

பதினைந்து மாதமாகிறது என் கணவர் நிறுத்தி.
வெர்மான்ட்டின் இந்த மூலையில்
நல்ல சேதி ஊர் சுற்ற மூன்று நாளாகும்.
மற்றது மதியத்துக்குள்.

அக்டோபர் சனிக்கிழமை. நாலு சாக்கு.
குளியல் தொட்டியில் கொட்டிக் கழுவினோம்,
மிதந்தன இலையும் குடித்துச் செத்த குளவிகளும்.
சிங்க்குக்கு அடியில் மாட்டும் கழிவு மோட்டார் ஒன்றைப்
புதிதாக வாங்கி வந்திருந்தார், பழம் அரைக்க.
ஏழு நிமிடத்துக்கொரு தரம் அது சூடாகி மூர்ச்சை போடும்.
தலையில் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தோம்,
காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.
அரைத்த கூழைத் துணியில் மடித்து அடுக்கி
மேலே பலகை, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே கார் ஜாக்கி.
லூசியன் கைப்பிடியை அழுத்தினார்.
சாறு கொஞ்சம் யோசித்துவிட்டு
வந்தது.

வரும்போது வெளிர் பச்சை, கண்ணெதிரே பழுப்பு.
நின்றபடியே குடித்தோம், மோவாயில் வழிய வழிய.
காறித் துப்பிய பழமா இது?

ஏழு ஜாடி ஃப்ரீசருக்கு, கழுத்தளவு இடம் விட்டு.
உறையும்போது சாறு தோளை விரிக்கும்;
இடம் கொடுக்காத ஜாடி உடையும்.
மிச்சத்தைப் பார்த்தபடி நான் பேசாமல் நின்றேன்.
"அதைப் புளிக்க விடு, ஓடில்.
நிறுத்தியது நான். நீ எதற்கு நிறுத்தணும்?"

மாடிப்படிக்கு அடியில் பெரிய கண்ணாடிக் குடுவை.
மூன்றாம் நாள் அதற்குப் பேச்சு வந்தது.
ப்ளுக்.
பிறகு, மறந்துவிட்டது என்று நினைக்கும்போது,
ப்ளுக்.

ஓர் இரவு கட்டிலில் அவர் பக்கம் குளிர்ந்திருந்தது.
இறங்கிப் போகக் கூடாது என்று படுத்திருந்தேன்.
இறங்கிப் போனேன்.
மூன்றாம் படியில் டார்ச்சும் நோட்டுமாக அவர்.
"நிமிடத்துக்கு இருபத்திரண்டு. நேற்று முப்பது.
இது நிற்குமா?"
"சர்க்கரை தீர்ந்தால் நிற்கும்."
"அப்புறம்?"
"தெளியும்."
"எத்தனை நாளில்?"
எனக்கும் தெரியவில்லை. படியில் இடம் விட்டு நகர்ந்தார்,
உட்கார்ந்தேன். எண்ணினோம்.

நவம்பர் கடைசியில்
ஃப்ரிட்ஜில் பீட்ரூட் ஊறுகாய்க்குப் பின்னால்
ஃப்ரீசருக்குப் போகாமல் ஒரு ஜாடி இருந்திருக்கிறது.
காலை உணவுக்கு எடுத்தவர் மூடியைத் திருக
ஸ்ஸ் என்றது.
அதற்குள் ஒரு வாய்.
சிங்க்கில் துப்பினார். குழாயைத் திறந்து
கொப்பளித்தார், மறுபடி, மறுபடி.
தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.
"இனிப்பு என்று எழுதியிருக்கிறது" என்றார், என்னிடம் அல்ல.
என் கையெழுத்து.

நான் வாய் திறப்பதற்குள் பேனாவை எடுத்து
'இனிப்பு' என்பதை அடித்தார். தேதி போட்டார்.
ஜாடியைத் தூக்கிப் போய்
படிக்கு அடியில், பெரியதன் பக்கத்தில் வைத்து
மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தார்.
ரொட்டி கருகியிருந்தது. வெண்ணெய் தடவித் தின்றோம்.

மார்ச். வெளியே சேறும் பனியும் ஒரே நிறம்.
குடுவையின் அடியில் மண்டி கெட்டியாகப் படிந்துவிட்டது.
குழாய் வைத்து பாட்டிலுக்கு மாற்ற வேண்டும்;
எல்லாரும் வாயால்தான் உறிஞ்சுவார்கள்.
லூசியன் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி
கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையை உள்ளே விட்டு
விரலை எடுத்தார்.
முதலில் தண்ணீர் போனது. பின்னாலேயே அது.

ட்வைட் வந்தார். அவருக்கும் எனக்கும் பாட்டிலிலிருந்து,
லூசியனுக்கு ஃப்ரீசரிலிருந்து, இன்னும் நடுவில் பனிக்கட்டியோடு.
"எப்படி இருக்கு?" என்றார்.
"துவர்க்கிறது" என்றேன். பாதி உண்மை.
அவர் சிரித்தார், மீதியும் தெரிந்தவர்போல.
ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்து
அதன் பின்னால் செய்தித்தாளை வைத்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
உரக்கப் படித்தார்:
"விற்பனைக்கு. டிராக்டர். ஒரே சொந்தக்காரர்.
நேரில் வந்து ஓட்டிப் பார்க்கவும்."